ஒளியை அளந்த கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

என் அப்பத்தா தனியாக அமர்ந்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை எடுத்தவன் நான். விடுமுறைக்கு ஊர் வந்த மாமா மகனிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேமராவை இரவல் வாங்கியிருந்தேன். அப்பத்தா திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்று வெளிப்புறம் நோக்கி எடுத்தேன். அவருக்குப் பின்னால் பங்குனி வெயிலில் களம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அளவு எதையும் நான் பார்க்கவில்லை; எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று 'ஆட்டோ'வில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். படத்தில் களம் மிக அழகாக விழுந்திருந்தது. அப்பத்தாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி பூசினாற்போல் ஓர் இருட்டு. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்து வந்த ஆடியில் அவர் இல்லை.

நண்பர்களே! அந்தப் படம் ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை. நூலகத்திலும் பிற இடங்களிலும் அதற்கு விடை தேடிப் போன வழியில் எனக்குக் கிடைத்தவர்தான் ஆன்செல் ஆடம்ஸ். அமெரிக்க மலைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்றவர் என்று உலகம் அவரை அறியும். ஆனால் இயற்பியல் மாணவனாகிய எனக்கு, ஒளியை அளந்து, எண்ணாக்கி, அந்த எண்ணைக் கலைஞனின் கையில் கொடுத்தவர் என்பதே அவருடைய பெருமையாகப் படுகிறது. அவருடைய வாழ்க்கையை நான் அறிந்த வரையில் இங்கே எழுத முனைகிறேன்.

ஆடம்ஸ் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ், ஆலிவ் தம்பதியரின் ஒரே மகனாகப் பிறந்தார். 1906-இல் அந்நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தின்போது அவருக்கு வயது நான்கு. பெரிய அதிர்ச்சியில் ஒன்றும் நேரவில்லை. பின்னால் வந்த சிறு அதிர்வு ஒன்று சிறுவனைத் தோட்டச் சுவரில் கொண்டுபோய் மோதியது, மூக்கு உடைந்தது. கோணிய அந்த மூக்கு கடைசி வரை அவருடைய அடையாளமாக இருந்தது. பாட்டனார் மர வியாபாரத்தில் சேர்த்த செல்வம் 1907-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு கரைந்துபோயிற்று. பின்னர் தந்தையார் குடும்பத்தைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டார்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டார், பாடத்தில் மனம் நிற்காது. பள்ளிகள் மாறின, பையன் மாறவில்லை. வேறொரு தந்தையாக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். சார்லஸ் ஆடம்ஸோ மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது அதற்கு ஓர் ஆண்டு அனுமதிச் சீட்டு வாங்கித் தந்து, அதையே அவ்வாண்டுப் பள்ளியாக ஆக்கினார். முடிவில் அவர் பெற்ற பள்ளிச் சான்றிதழ் எட்டாம் வகுப்பு அளவைத் தாண்டாது. அப்படிப்பட்டவருக்கு 1981-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது! (இதைப் படித்துவிட்டு நாளை காலை முதல் மணி வகுப்புக்கு மட்டம் போடலாமா என்று எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சொல்: ஆடம்ஸுக்கு வீட்டில் கணிதம் சொல்லிக்கொடுக்க ஒரு தந்தையார் இருந்தார். என் தந்தையார் கையெழுத்துப் போடக் கற்றதே என் கல்லூரி விண்ணப்பத்துக்காகத்தான். ஆகவே நான் வகுப்புக்குப் போய்விடுகிறேன்.)

பன்னிரண்டாம் வயதில் அவர் தாமாகவே பியானோ வாசிக்கக் கற்றார். வாழ்க்கை முழுவதும் இசைக்கே என்று முடிவு செய்தார். ஒரு சுரம் சற்றே பிசகினாலும் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒழுங்கு அப்போதுதான் அவருக்கு வந்தது. பின்னாளில் இருட்டறையில் ஒரே படத்தை நூறு முறை அச்சிட்டுப் பார்க்கும் பொறுமை அங்கேதான் விளைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1916-இல், பதினான்காம் வயதில், குடும்பத்தோடு யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். அங்கே பெற்றோர் அவர் கையில் கோடாக் பிரவுனி என்னும் எளிய பெட்டிக் கேமராவைக் கொடுத்தனர். மலையும் கேமராவும் ஒரே வாரத்தில் கிடைத்தன. அதன் பின் ஆண்டுதோறும் அங்கே போனார். 1919-இல் சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் சேர்ந்தார். 1920 முதல் நான்கு கோடைகள் யோசெமிட்டியில் அந்த அமைப்பின் விடுதிக் காப்பாளராக இருந்தார். அங்கிருந்த ஓவியர் ஹாரி பெஸ்ட் என்பவர் வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அதில் பயிற்சி செய்யப் போனவர் அந்த வீட்டுப் பெண் வர்ஜீனியாவை 1928-இல் மணந்துகொண்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். கேமராவுக்குள் எவ்வளவு ஒளி போக வேண்டும் என்பதுதான் எக்ஸ்போஷர். தெருக்குழாயில் குடம் பிடிப்பதோடு இதை ஒப்பிடலாம். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது ஒன்று. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது மற்றொன்று. லென்ஸின் துவாரம் குழாயின் திறப்பு. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நீர் பிடிக்கும் நேரம். பிலிமின் வேகம் குடத்தின் அளவு: வேகம் மிகுந்த பிலிம் சிறு குடம், சீக்கிரம் நிரம்பும். இன்றைய கேமராவில் ஐ.எஸ்.ஓ. என்று இருப்பதும் ஏறக்குறைய இதுவே. குடம் வழிந்தால் படம் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். துவாரத்தின் எண்கள் 4, 5.6, 8, 11, 16, 22, 32 என்று விசித்திரமாகப் போவதைக் கண்டு நான் முதலில் மிரண்டேன். அவை லென்ஸின் குவிய தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த எண்கள். ஆகவே எண் பெரிதானால் துவாரம் சிறிது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஒளியைச் சரிபாதியாக்க எண்ணை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். ஒவ்வொரு படியும் முந்தியதில் பாதி ஒளி. அவ்வளவுதான்!

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் ஆடம்ஸ் நண்பர்களோடும் வர்ஜீனியாவோடும் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் என்னும் பாறை மலையின் தோள்மீது ஏறினார். முதுகில் கனமான கேமரா மூட்டை, பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள். (அந்தக் கேமராவின் பெயர் கொரோனா, நோயை நினைக்க வேண்டா.) உச்சிப் பாறையின் நேர்முகம் எதிரே நின்றபோது மீதமிருந்தவை இரண்டே தட்டுகள். முதல் தட்டை மஞ்சள் பில்டர் வைத்து எடுத்தார். எடுத்த மறுகணமே அவர் மனம் ஒப்பவில்லை. மஞ்சள் பில்டரில் வானம் வெளிர்ச் சாம்பலாக விழும். பாறை சாதாரணப் பாறையாகத் தோன்றும். அவர் உள்ளத்தில் தெரிந்ததோ, இருண்ட வானத்தின் முன் அச்சமூட்டி நிற்கும் பாறை. கடைசித் தட்டுக்குக் கருஞ்சிவப்புப் பில்டரைப் போட்டார். சிவப்புப் பில்டர் வானத்தின் நீலத்தை வழிமறித்துவிடும். எனவே வானம் கறுக்கும். ஆனால் உள்ளே வரும் ஒளியும் பலமடங்கு குறைந்துவிடும். ஆகையால் எஃப் 22 துவாரத்தில் ஐந்து வினாடி திறந்து வைத்தார். அந்தப் படம் அவர் நினைத்தபடியே விழுந்தது. முடிவான படத்தை முதலில் மனத்தில் கண்டு, பிறகு அதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்புவது என்னும் வழக்கத்தை அவர் அன்று கண்டார். வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை.

ஆனாலும் பியானோவா கேமராவா என்ற ஊசலாட்டம் தீரவில்லை. 1930-இல் நியூ மெக்சிகோ மாநிலத்துத் தாவோஸ் என்னும் ஊரில் பால் ஸ்டிராண்ட் என்ற புகைப்படக் கலைஞரைச் சந்தித்தார். அவரிடம் அப்போது அச்சிட்ட படங்கள் இல்லை. நெகடிவ்களை மட்டுமே காட்டினார். அவற்றைப் பார்த்த அன்றே ஆடம்ஸ் முடிவுக்கு வந்தார். பியானோ வீட்டோடு நின்றது. 1932-இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்காம் முதலியோருடன் சேர்ந்து ஒரு குழு அமைத்தார். குழுவின் பெயரே எஃப் 64! மிகச் சிறிய துவாரத்தின் எண் அது. துவாரம் சிறுத்தால் காலடிக் கூழாங்கல் முதல் தொலைமலை வரை எல்லாம் துல்லியமாக விழும். படத்தை மங்கலாக்கி ஓவியம் போல் காட்டுவதே கலை என்று பலர் எண்ணிய காலத்தில் ஓர் எண்ணைக் கொடியாக ஏற்றிய அவர்களை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

பசி பட்டினிக் காலத்தில் பாறையைப் படம் எடுக்கிறாரே என்று அவரைக் குறை கூறியோர் உண்டு. ஆனால் அந்தப் பாறைப் படங்களைத் தூக்கிக்கொண்டு 1936-இல் அவர் வாஷிங்டன் சென்று, கிங்ஸ் கேன்யன் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்க வேண்டும் என்று வாதாடினார். 1938-இல் வெளிவந்த அவருடைய சியரா நெவாடா படநூல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கைவரை சென்றது. 1940-இல் பூங்கா பிறந்தது. இடையே 1937-இல் யோசெமிட்டி இருட்டறையில் தீப்பிடித்து நெகடிவ்களில் ஒரு பகுதி அழிந்ததும் உண்டு.

1940-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸ் கலைப்பள்ளியில் கற்பித்துவந்தபோது, பிரெட் ஆர்ச்சர் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து மண்டல முறையை வகுத்தார். என் அப்பத்தாவின் படம் ஏன் கறுத்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒளிமானி ஒரு பாமரக் கருவி. எவ்வளவு ஒளி வருகிறது என்று மட்டும் அதற்குத் தெரியும். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாது. பார்ப்பதெல்லாம் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஒளியைத் திருப்பியனுப்பும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். எருமையைக் காட்டினாலும் சாம்பல், கொக்கைக் காட்டினாலும் சாம்பல் என்னும் சமத்துவம் அதற்கு! நான் காட்டியது வெயிலடிக்கும் களம். கேமரா களத்தைச் சாம்பலாக்க முயன்று, நிழலில் இருந்த முகத்தைக் கரியாக்கிவிட்டது. பிழை கருவியுடையது அன்று. முடிவு செய்ய வேண்டிய வேலையைக் கருவியிடம் தள்ளியவன் நான்.

ஆடம்ஸ் முழுக் கறுப்பைச் சுழி என்றும் முழு வெண்மையைப் பத்து என்றும் வைத்து, இடையே படி ஒன்றுக்கு எக்ஸ்போஷர் இரட்டிக்கும் பதினொரு மண்டலங்களாகப் பிரித்தார். நடுச்சாம்பல் ஐந்தாவது. காட்சியில் ஒரு பொருளை மட்டும் ஒளிமானியால் அளந்து, அது படத்தில் எந்த மண்டலத்தில் விழ வேண்டும் என்பதைப் புகைப்படக்காரரே தீர்மானிப்பார். மற்றவை தாமாகத் தத்தம் இடங்களில் அமரும். பிலிமில் நிழலுக்கு ஏற்ப எக்ஸ்போஷரையும், வெளிச்சப் பகுதிக்கு ஏற்ப டெவலப் செய்யும் நேரத்தையும் வகுப்பார்கள். (டிஜிட்டல் கேமராவில் வெளுத்துப்போன இடம் திரும்பாது, எனவே வெளிச்சப் பகுதியை முதலில் காக்க வேண்டும்.) வெயிலில் வெள்ளையர் முகத்தை ஆறாம் மண்டலத்தில் வைக்குமாறு ஆடம்ஸ் சொல்கிறார். எங்கள் அப்பத்தாவுக்கு ஐந்தோ, அதற்குச் சற்றுக் கீழோ போதும்.

இந்த அறிவு முழுவதும் ஒரே நிமிடத்தில் சோதிக்கப்பட்ட நாள் ஒன்று வந்தது. 1941-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். உள்துறையின் சுவரோவியத் திட்டத்துக்காகப் படமெடுக்கப் புறப்பட்ட ஆடம்ஸ், மகன் மைக்கேலோடும் நண்பர் செட்ரிக் ரைட்டோடும் நியூ மெக்சிகோவில் சாண்டா பே நோக்கிக் காரில் வந்துகொண்டிருந்தார். பகல் முழுதும் நல்ல படம் ஒன்றும் அமையவில்லை. ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர் அருகே திரும்பிப் பார்த்தவர் காரை ஓரத்தில் நிறுத்தினார். பனிமலைகளுக்கும் மேகங்களுக்கும் மேலே நிலவு. கீழே மாதா கோவில் கல்லறைச் சிலுவைகள்மேல் மாலைக் கதிரவனின் கடைசி ஒளி. முதுகுப்புறம் சூரியன் மேகத்துக்குள் இறங்கப் போகிறது. பெரிய கேமராவை நிறுத்தி லென்ஸைப் பொருத்திக் குவியம் பார்த்தாயிற்று. ஒளிமானியைக் காணோம்! கூட வந்தவர்கள் துழாவியும் அகப்படவில்லை. சிலுவைகளின் ஒளியோ எந்தக் கணத்திலும் போய்விடும்.

அப்போது அவருக்கு நினைவு வந்தது ஓர் எண். நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில். இதைச் சிந்தித்துப் பார்த்தால் இன்பமாக இருக்கிறது. நிலவு என்பது என்ன? நம் பகலில் வெயிலில் கிடக்கும் கருங்கல்லைப் போல அதே சூரியனால் ஒளி பெறும் ஒரு கல். இங்கே அந்தி சாய்ந்தாலும் அங்கே வெயில் மாறுவதில்லை. காட்சி முழுவதும் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டிருக்க, மாறாத அளவுகோல் வானத்தில் தொங்கியது. நிலவை ஏழாம் மண்டலத்தில் வைத்தார். ஐந்தாம் மண்டலம் இரண்டு படி கீழே, அதாவது நான்கில் ஒரு பங்கு. ஏறத்தாழ 60 கேண்டில். பிலிமின் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. அவர் கையாண்ட விதிப்படி எஃப் 8 துவாரத்தில் அறுபதில் ஒரு பங்கு வினாடி. போட்டிருந்த பில்டருக்காக மூன்று மடங்கு; இருபதில் ஒரு பங்கு. எல்லாம் துல்லியமாக விழ எஃப் 32-க்கு இறங்க வேண்டும். அது நான்கு படி, பதினாறு மடங்கு. கணக்கு ஏறத்தாழ ஒரு வினாடியில் வந்து நிற்கிறது. நான் இதை நோட்டில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் சாலையோரத்தில் மனத்திலேயே போட்டு, ஷட்டரைத் திறந்து ஒரு வினாடி கழித்து மூடினார். பாதுகாப்புக்கு இன்னொரு நெகடிவ் எடுக்கலாமென்று பிலிம் தாங்கியைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகளின் ஒளி அணைந்துவிட்டது.

முன்புறத்துக்கு ஒளி போதவில்லை என்பதை அவர் அறிவார். ஆகவே டெவலப் செய்யும்போது பிலிமை டெவலப்பரிலும் தண்ணீரிலும் மாறி மாறி வைத்தார். வெளிச்சம் பட்ட இடங்களில் ஊறியிருக்கும் மருந்து தண்ணீரில் விரைவாகத் தீர்ந்துவிடும். நிழலிடங்களில் தீராமல் வேலையைத் தொடரும். அப்படியும் நெகடிவின் கீழ்ப்பகுதி மெலிவாகவே இருந்தது. 1948-இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து வலுவூட்டினார். நெகடிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் கச்சேரி என்று கருதியவர் அவர். அந்த ஒரு நெகடிவிலிருந்து வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகளைத் தம் கையாலேயே அச்சிட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல வானம் கறுத்துக்கொண்டே வந்தது. தொடக்கப் பிரிண்டுகளில் தெரிந்த மெல்லிய மேகங்கள் பிற்காலப் பிரிண்டுகளில் காணப்படவில்லை. எனக்கு அந்தக் கறுத்த வானம்தான் பிடித்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. வினாடியைக்கூடக் கணக்கிட்டவர் அந்தப் படம் எடுத்த ஆண்டை ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை! இடத்துக்கு ஓர் ஆண்டு சொல்லிவந்தார். படத்தில் நிலவு நிற்கும் இடத்தைக் கொண்டு கணக்கிட்டு, அது 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991-இல் முடிவு கண்டவர் வானியல் இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த டென்னிஸ் டி சிக்கோ.

நெகடிவுக்கு வலுவூட்டிய செய்தியைப் படித்த இரவு நான் நண்பன் ஒருவனின் கணினியில் அப்பத்தாவின் படத்தைத் திறந்தேன். நிழற்பகுதியை மட்டும் படிப்படியாக உயர்த்திப் பார்த்தேன். மணல் இறைத்தாற்போல் புள்ளிகள் எழுந்தன. அவற்றினூடே இரண்டு கண்களும், காதுத் தண்டட்டியில் ஒன்றும் தெரிந்தன. அம்மாவிடம் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போர்க்காலத்தில், 1943 முதல், மான்சனார் முகாமில் அமெரிக்க அரசு அடைத்து வைத்திருந்த ஜப்பானிய வழி அமெரிக்கர்களை ஆடம்ஸ் படமெடுத்து, 1944-இல் நூலாக வெளியிட்டார். பகைவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் முகங்களை அவ்வளவு நெருக்கமாகவும் தெளிவாகவும் காட்ட அன்று துணிவு வேண்டும். பாறை மட்டுமே எடுப்பவர் என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டியதில்லை. 1946-இல் சான் பிரான்சிஸ்கோ கலைப்பள்ளியில் புகைப்படத் துறையைத் தொடங்கினார். கேமரா, நெகடிவ், பிரிண்ட் ஆகியவை பற்றி அவர் எழுதிய நூல்கள் 1948 முதல் வெளிவந்தன. முதுமையில் 1980 முதல் 1983 வரை அவற்றைப் புதிதாக எழுதித் தந்தார். தாம் கண்ட எந்த முறையையும் அவர் மறைத்து வைக்கவில்லை. வயிற்றுப் பாட்டுக்காகப் பல ஆண்டுகள் விளம்பரப் படங்கள் எடுத்தார் என்பதும் உண்மை. பிரிண்டுகள் பெருவிலைக்குப் போகத் தொடங்கியது அவர் எழுபதைத் தாண்டிய பிறகுதான்.

1980-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அவருக்கு அளித்தார். 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், 82-ஆம் வயதில், கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் ஆடம்ஸ் இதய நோயால் மறைந்தார். அவ்வாண்டே சியரா நெவாடாவின் மினரட்ஸ் காட்டுப்பகுதிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டு, யோசெமிட்டியின் எல்லையில் 11,760 அடி உயரமுள்ள ஒரு சிகரம் ஆன்செல் ஆடம்ஸ் மலை ஆயிற்று.